கெட்டுப்போக மறுக்கும் கார்டு

எங்கள் வீட்டில் ஒரு பொருளை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அது சாக வேண்டும். லேசாக இருமினால் போதாது. மிக்சிக்குக் காயில் கட்டி, மறுபடியும் காயில் கட்டி, கடைசியில் கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் புதுசு வந்தது. ஹாலில் சுற்றுகிற ஃபேனில் இறக்கையைத் தவிர மற்ற எல்லாமே மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அதற்குப் பெயர் பழைய ஃபேன்தான். நாகர்கோவிலிலிருந்து பிழைப்புக்காக வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் வாடகைக்கு இருக்கிற குடும்பம். இந்தச் சட்டம் இல்லாமல் வண்டி ஓடாது. நானும் இதை மதிக்கிறவன்தான். சிக்கல் என்னவென்றால், என் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு செத்துத் தொலைய மாட்டேன் என்கிறது.

ஜிடிஎக்ஸ் 1060, ஆறு ஜிபி. என்விடியா கம்பெனி இதை 2016 ஜூலையில் வெளியிட்டது. அதே வருஷம் அக்டோபர் மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனவன், மொய் எழுதிய கையோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன். இருபதாயிரத்துக்கு மேல். ஐநூறும் ஆயிரமுமாக எண்ணிக் கொடுத்தேன். எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி, ராத்திரி முழுக்க பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் பெர்த்தில் இருந்த பாட்டி, "அல்வாவா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் போய் 1280 கோர் என்று விளக்க அந்த நேரத்தில் தெம்பில்லை.

நவம்பர் 8, இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். ஐநூறும் ஆயிரமும் இனிமேல் செல்லாது என்றார். அலமாரியில் சேலை மடிப்புக்குள் என் மனைவி பதுக்கி வைத்திருந்த நோட்டெல்லாம் அன்றுதான் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்தது. ஊரே பேங்க் வாசலில் நின்றது. நான் மட்டும் என் நோட்டுகளைக் கார்டாக மாற்றி, அதில் கேமுக்குள் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பொருளாதார விஷயத்தில் நாட்டை நான் முந்திய ஒரே சந்தர்ப்பம் அதுதான். வீட்டில் யாரும் அதைப் பாராட்டவில்லை.

அந்த நோட்டுகள் செத்துவிட்டன. கார்டு சாகவில்லை. சாவதற்கு நல்ல வாய்ப்பெல்லாம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். இங்கே துலாவர்ஷம் என்று ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மத்தியானம் வரை வெயில் அடிக்கும், நாலு மணிக்கு மேல் வானம் உடைகிற மாதிரி இடி இடிக்கும். தெருவில் பலர் வீட்டு டிவி அதில் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் போகாது. முதல் இடிச் சத்தத்திலேயே என் மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். நான் கேமில் பாஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, சேவ் பண்ணவில்லை என்று கத்தினாலும் சரி. அப்புறம் வெள்ளம். ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால் தம்பானூரில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற காலம் உண்டு. 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்து, அடைத்துக் கிடந்த ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் இருப்பதோ மாடி. அதிலும் கம்ப்யூட்டர் கேபினெட் இருப்பது, மாமனார் காலத்து டிரங்குப் பெட்டிக்கு மேலே. தண்ணீர் அங்கே வரவேண்டுமானால் பத்மநாபசுவாமியே எழுந்து உட்கார வேண்டும்.

இப்படிக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த கார்டுக்குத்தான் 2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. அந்த மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவச அப்டேட்டை நிறுத்தியது. அதே மாதத்தோடு என் கார்டின் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியாவும் நிறுத்தியது. பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கொரு தடவை வரும். அதாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை, நடமாட்டமெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் மரணச் சான்றிதழ் எழுதியாகிவிட்டது. கருமாதிக்கு மட்டும் மூன்று வருஷம் தவணை. இத்தனைக்கும் இது ஏதோ மூலையில் கிடந்த கார்டு அல்ல. 2022 கடைசி வரைக்கும் பல வருஷம், கேம் விற்கிற ஸ்டீம் எடுக்கிற கணக்கில் உலகத்தில் அதிகம் பேர் வைத்திருந்த கார்டு இதுதான்.

எங்கள் வீட்டுச் சட்டத்தில் இந்தச் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்க, ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மெதுவாக எடுத்து வைத்தேன்.

"கம்பெனிக்காரன் இதுக்கு இனிமே ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டான்."

"இப்பம் ஓடுதுல்லா?"

"ஓடுது."

"பின்ன என்ன?"

அவ்வளவுதான் விசாரணை. வஞ்சியூர் கோர்ட்டில் இவ்வளவு சுருக்கமாக ஒரு கேஸையும் முடித்திருக்க மாட்டார்கள்.

மேல்முறையீடு செய்தேன். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டுக்கும் ரே டிரேசிங் தெரிந்த கார்டு கட்டாயம் வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து புறப்பட்டு எதில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போடுகிற வித்தை அது. அதற்கென்று தனிப் பகுதி என் கார்டின் சில்லில் இல்லை. மெதுவாக ஓடும் என்பதல்ல பிரச்சினை, திறக்கவே திறக்காது. "பாரு, கேமே திறக்கலை" என்று காட்டினேன். அவள் திரையின் இடது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தள்ளுபடியில் வாங்கிப் போட்ட கேம்கள் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "திறக்கிறதை எல்லாம் முதல்ல திறந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

சரி, வீட்டுக்காரி தீர்ப்பை விடுவோம். எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077'-ஐ நான் எல்லா வசதியையும் குறைத்து வைத்து ஓட்டினால், நொடிக்கு முப்பத்தெட்டு ஃப்ரேம் வரும். அறுபது வந்தால்தான் கௌரவம் என்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் கைரளி, ஸ்ரீ, நிலா என்று மூன்று தியேட்டர் ஒரே வளாகத்தில் இருக்கின்றன; கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடையவை. டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா வந்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தோளில் துணிப்பையோடு கூட்டம் வெயிலில் வரிசை நிற்கும். உள்ளே ஓடுவது நொடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். அதிலும் பாதிப் படம் கறுப்பு வெள்ளை. பார்த்துவிட்டுக் கண் கலங்கி வெளியே வருகிறார்கள். முப்பத்தெட்டு ஃப்ரேம் கையில் வைத்துக்கொண்டு நான் வேறு காரணத்துக்காகக் கண் கலங்குகிறேன்.

இதற்கு நியாயமான பதில் இருக்கிறது. சினிமா கேமரா ஒவ்வொரு ஃப்ரேமிலும் அசைவைக் கொஞ்சம் இழுவிப் பதிகிறது. கண் அந்த இழுவலைச் சேர்த்துத் தைத்துக்கொள்கிறது. கேமில் ஒவ்வொரு படமும் வெட்டினாற்போல் தனித்தனியாக வரும். அதோடு, சினிமாவில் கதாநாயகன் திரும்ப நம் கையை எதிர்பார்ப்பதில்லை. அறுபது ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெகண்ட், முப்பத்தெட்டு என்றால் இருபத்தாறு. அந்த வித்தியாசத்தில் ஒருத்தன் என்னைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். இந்த விளக்கத்தைத் திரைப்பட விழாவுக்கு வந்த ஒரு தாடிக்காரரிடம் டீக்கடையில் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "சார் டைரக்டரா?" என்றார்.

ஆனால் உண்மையில் ஆன்லைனில் நான் தோற்பதற்குக் கார்டு காரணமே அல்ல, வீட்டுக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன்தான் காரணம். ஜன்னல் திறந்திருந்தால் பிளாட்பார அறிவிப்பு அப்படியே மைக்குக்குள் ஏறும். சந்தடி இல்லாமல் ஒரு கட்டிடத்துக்குள் பதுங்கிப் போய்க்கொண்டிருக்கையில், "யாத்ரக்காருடெ ஸ்ரத்தைக்கு" என்று ஒரு பெண் குரல் கிளம்பும். என் அணியில் இருக்கிற போலந்துப் பையனுக்கு நாகர்கோவில் பாசஞ்சர் என்றைக்கெல்லாம் லேட் என்று தெரியும். எந்தக் கார்டும் இதைச் சரி செய்யாது.

இந்த நிலையில்தான் மச்சினன் போன் பண்ணினான். வடசேரியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவனிடம் யோசனை கேட்பதும் பெட்ரோல் பங்கில் பீடி கொளுத்துவதும் ஒன்று.

"அத்தான், 5060 எடுக்காதீங்க. எட்டு ஜிபி காணாது."

"நமக்கு 1080-பி மானிட்டர்தானேடா?"

"இன்னைக்குக் காணும். நாளைக்குக் காணாது."

அவன் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-க்குப் பன்னிரண்டு ஜிபி. 2023-இல் வந்த 4060-க்கு எட்டு. 2025 மே மாதம் வந்த 5060-க்கும் எட்டு. பேரன் பிறக்கப் பிறக்கச் சொத்து குறைந்துகொண்டே வருகிற பரம்பரை. 5060 வேண்டாமென்றால் பதினாறு ஜிபி வைத்த 5060 டிஐ. அதற்கு விலை கேட்டால், "இன்னும் கொஞ்சம் போட்டா 5070 வந்துருமே அத்தான்" என்கிறான். இந்த 'இன்னும் கொஞ்சம்' ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள் நின்று சொல்வான். விடாமல் ஏறினால் உச்சியில் 5090 உட்கார்ந்திருக்கிறது. வெளிவந்த விலை 1,999 டாலர். தனியாளாக 575 வாட் சாப்பிடும். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் நல்ல பசுமாடே வாங்கலாம், கன்றோடு. அதுவாவது பால் தரும்.

கார்டு மட்டும் என்றால் கூட எப்படியாவது சமாளிக்கலாம். கார்டு தனியாக வருவதில்லை. 5060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்ட் கொடுக்கிற பெட்டி, வேண்டும் என்று போட்டிருக்கிறது; என்னிடம் இருப்பது 450. அதை மாற்றினால், என் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர் புதுக் கார்டின் வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் மூச்சு வாங்கும். போதாததற்கு விண்டோஸ் 11, எட்டாம் தலைமுறைக்குக் கீழே இன்டெல் பிராசசரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பிராசசரை மாற்றினால் மதர்போர்டு மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் பழைய ரேம் பொருந்தாது. ரேம் விலையோ 2025 கடைசியில் கண்டபடி ஏறிவிட்டது. உலகத்து மெமரி சில்லையெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வாரிக்கொண்டு போகிறார்கள். கோவணத்தை எலி கடிக்காமல் இருக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டை மேய்க்கக் கல்யாணம் செய்துகொண்ட சந்நியாசி ஒருத்தர் இருந்தாரே, அவர் இந்தக் காலத்தில் இருந்திருந்தால் மதர்போர்டு கடையில்தான் பார்த்திருக்கலாம்.

கரண்ட் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கேரள மின் வாரியமான கே.எஸ்.இ.பி-யில் மாதம் 250 யூனிட் வரைக்கும் அடுக்கடுக்காக விலை ஏறும். முதல் அடுக்கு மலிவு, மேலே போகப் போகக் கூடும். 250-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை அத்தனையும் காலி. முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை போட்டுவிடுவார்கள். எங்கள் வீடு நிரந்தரமாக அந்த எல்லைக்கோட்டின் மேலேயே குடியிருக்கிறது. ஏசியை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதில் என் மனைவிக்கும் எனக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை, முல்லைப் பெரியாறு பேச்சுவார்த்தைக்குக் குறைந்ததல்ல. 1060 சாப்பிடுவது 120 வாட், 5060 சாப்பிடுவது 145. தினம் மூன்று மணி நேரம் என்று வைத்தால் மாதத்துக்குக் கூடுதலாக இரண்டேகால் யூனிட். இந்த இரண்டேகாலால் பில் எகிறினால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். கார்டு வந்த வருஷம் முதல் ஆரம்பித்து வரும்.

இவ்வளவையும் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது; கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கோபுரம். படியே கிடையாது. உள்ளே நுழைந்தால் தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகும். சுவரோடு சேர்த்துக் கட்டின மேஜையும் பெஞ்சும் அந்தச் சரிவோடு கூடவே ஏறும். சுவர் முழுக்க ஓட்டை. விசிறித் தலைப்பாகை வைத்த சர்வர், கையில் நாலு தட்டோடு அந்தச் சரிவில் இறங்கி வருவதைப் பார்த்தால் நமக்குத்தான் கால் கூசும். பீட்ரூட் போட்ட மசாலா தோசை இங்கே பிரசித்தம். உருளைக்கிழங்கை எதிர்பார்த்துப் பிய்க்கிற வெளியூர்க்காரர் உள்ளே சிவப்பைப் பார்த்துத் திடுக்கிடுவது எங்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை.

கொல்லத்துக்கார ஆபீஸ் நண்பர் ஒருவரோடு அங்கே உட்கார்ந்தேன். காபிக்கடையில் உட்கார்ந்து கிராபிக்ஸ் கார்டு பேசுவதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1993-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், டென்னிஸ் என்கிற சாப்பாட்டுக் கடையில் மூன்று பேர் கூடிக் கூடிப் பேசித்தான் என்விடியாவே பிறந்தது. மூவரில் ஒருவரான ஜென்சன் ஹுவாங், பையனாக இருந்தபோது வேறோர் ஊர் டென்னிஸில் தட்டு கழுவியவர். அவர்கள் காபி குடித்துவிட்டுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். நாங்கள் காபி குடித்துவிட்டு இன்னொரு காபி சொன்னோம்.

நண்பருக்கு வேறு நோக்கம் இருந்தது. கொச்சியில் அவர் சொந்தக்காரப் பையன் ஒரு 3060-ஐ விற்கிறானாம். "ஒற்றை ஓணர் சாரே. பையன் பாவமா. பாட்டு மாத்ரமே கேட்டிட்டுள்ளு" என்றார். கிராபிக்ஸ் கார்டில் பாட்டுக் கேட்டவனை நான் அதுவரை கண்டதில்லை. எத்தீரியம் என்கிற டிஜிட்டல் காசு தோண்டுகிற தொழில் 2022 செப்டம்பரோடு கிராபிக்ஸ் கார்டுகளைக் கைவிட்டது. அதுவரை ராப்பகலாக அதில் வெந்த கார்டுகள், முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் ஒற்றை ஓணர்தான், எல்லாரும் பாட்டுதான் கேட்டிருந்தார்கள்.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் என் கவனம் சுவர் ஓட்டைக்குப் போய்விட்டது. வெளியே மார்ச் மாத வெயில், தொட்டடுத்த பஸ் ஸ்டாண்ட் புகை. உள்ளே ஏசி கிடையாது. ஆனாலும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. சூடான காற்றை வெளியே தள்ளுவது எப்படி என்று பேக்கருக்குத் தெரிந்த அளவுக்கு, முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடி உள்ளே கலர் லைட் எரியவிட்ட என் கேபினெட்டைச் செய்தவனுக்குத் தெரியாது. கார்டு 83 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னுடையது கேம் ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் அங்கே போய் நிற்கும். நண்பருக்கு ஒரு கட்லெட் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

டிரங்குப் பெட்டி மேலிருந்து கேபினெட்டை இறக்கிப் பலகையைக் கழற்றினேன். கார்டின் இரண்டு ஃபேனுக்கும் பின்னால் ரயில்வே ஸ்டேஷன் தூசும் தம்பானூர் ஈரமும் சேர்ந்து கம்பளியாக நெய்திருந்தன. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியபோது அது தூளாகவில்லை, முழு விரிப்பாகவே கையோடு வந்தது. அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிச் சில்லின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து, நாலு ஸ்குருவையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முறுக்கி மூடினேன். ஓட்டிப் பார்த்தால் 71 டிகிரி. முப்பத்தெட்டு ஃப்ரேம் நாற்பத்துநாலு ஆகிவிட்டது. மாற்ற வேண்டும் என்பதற்கு நான் இத்தனை மாதம் சேர்த்து வைத்த வாதம் எல்லாம் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷில் போயிற்று. எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே புரியவில்லை.

அப்போதுதான் என் மனைவி பெருக்க வந்தாள். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள் ஒரு அடி பின்னால் போனாள். உள்ளே கம்பிச் சுருளை ஒட்டி இரண்டு பல்லி முட்டை. ஒன்று பொரிந்து ஓடு மட்டும் கிடந்தது.

"ஏங்க, கரண்ட் பெட்டிக்குள்ளயா? தீப்பிடிச்சா? முதல்ல இதை மாத்துங்க."

செத்தால்தான் மாற்றலாம் என்கிற சட்டத்தில் தீ, பல்லி இரண்டுக்கும் விதிவிலக்கு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். மனு போடவில்லை, கேட்கவில்லை, தானாகவே ஆர்டர் வந்தது. அன்று சாயங்காலமே கையோடு கூட்டிக்கொண்டு ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். 650 வாட் எடுங்கள் என்றேன். கடைக்காரர் பெட்டியை மேஜை மேல் வைத்து, பில் எழுதுவதற்கு முன்னால் சும்மா கேட்டார்:

"கார்டு ஏதா சாரே?"

"1060."

"அதினு 650 எந்தினா?"

என் மனைவிக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும். பையைத் தோளில் சரி செய்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல ஃபேன் பெருசு. பல்லி வராது" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கல்யாணமானவர் போலிருக்கிறது.

"அதே சேச்சி" என்றார். "பல்லி கேறில்ல."